பொறுத்தலும் தாங்குதலும்

துன்பம் எல்லா நாட்டினர்க்கும் பொது. அதை ஏற்று நிற்கும் வகைகள்தாம் வேறு வேறு. அவ்வகைகளுக்கு ஒவ்வொரு மொழியும் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. தமிழில் அத்தகைய பெயர்கள் பல. பொறுத்தல், தாங்குதல், சகித்தல், தாளுதல், ஆற்றுதல், நோற்றல், சமாளித்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அகராதியைப் புரட்டினால் இவற்றுள் ஒன்றற்கு மற்றொன்று பொருளாகத் தரப்பட்டிருக்கும். பேச்சிலோ நாம் ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொல்வதில்லை. படிப்பு வாசனை அறியாத மூதாட்டியும் இச்சொற்களுக்குள் உள்ள வேற்றுமையைத் தவறாமல் காத்துப் பேசுகிறாள்.

தமிழகத்துக்கு வெளியே, தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கு இவ்வேற்றுமை இலக்கண ஆராய்ச்சியோடு முடிந்துவிடும் பொருள் அன்று. நம் துன்பத்தை நாம் வேற்றுமொழியில் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. மருத்துவரிடமும் மேலதிகாரியிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே சொல் பிறழ்ந்தால் துன்பத்தின் அளவும் பிறழ்ந்து தோன்றும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம்மைப் போன்றோர் இதை அன்றாடம் காண்கிறோம். ஆகவே இச்சொற்களைச் சற்று நிறுத்துப் பார்ப்பது பயன்தரும் என்று கருதுகிறோம்.

முதலில் 'பொறு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'பொறை' என்றால் சுமை. சுமையைத் தலையிலோ தோளிலோ ஏற்றுக்கொள்வதே பொறுத்தல். இந்த ஓர் அடியிலிருந்து கிளைகள் பல பிரிந்தன. ஒரு வேலையின் சுமையை ஏற்பது பொறுப்பு ஆயிற்று. காலத்தின் சுமையை ஏற்பது காத்திருத்தல் ஆயிற்று. 'சற்றுப் பொறு' என்கிறோம். பிறர் செய்த பிழையின் சுமையை நாமே ஏற்றுக்கொள்வது மன்னித்தல் ஆயிற்று. 'பிழை பொறுக்க வேண்டும்' என்கிறோம். மலையாளத்தில் இந்தச் சொல்லுக்கு மன்னித்தல் என்னும் பொருளே மேலோங்கி நிற்கிறது. இக்கிளைகள் அனைத்துக்கும் பொதுவானது ஒன்று உண்டு. அதுதான் மனத்தின் இசைவு. பொறுப்பவன், பொறுக்காமலும் இருந்திருக்க முடியும். தானே முன்வந்து சுமையை ஏற்றான் என்பதே அச்சொல்லின் பெருமை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்னும் பழமொழி அந்தப் பெருமையைக் கருதியே எழுந்தது.

திருக்குறளின் அமைப்பு இவ்விடத்தில் கருதத்தக்கது. வள்ளுவர் பொறையுடைமை என ஓர் அதிகாரம் வைத்தார், அது 16-ஆவது. இடுக்கணழியாமை என வேறோர் அதிகாரம் வைத்தார்; அது 63-ஆவது. முன்னது, பிறர் நமக்கு இழைக்கும் தீங்கைப் பொறுப்பது பற்றியது. பின்னது, வந்து சேரும் இடையூற்றால் மனம் சிதையாதிருப்பது பற்றியது. முன்னது அறத்துப்பாலில் இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டது. பின்னது பொருட்பாலில், செயலாற்றுவோனுக்குச் சொல்லப்பட்டது. மனிதர் தரும் துன்பம் வேறு, காலம் தரும் துன்பம் வேறு என்று பிரித்துப் பார்த்த நுட்பத்தை நாம் இன்று பலவேளைகளில் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது 'தாங்கு'. இதில் இசைவைக் காட்டிலும் வலிமையே முதன்மை. தூண் கூரையைத் தாங்குகிறது. பொறுக்கிறது என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்துவரும் வழிப்போக்கர், மற்றவர் துணையின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். பிறகு தாமே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. இறக்கிவைக்கப்படாத சுமையோடு போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்க இடம் செய்தார்கள். 'தாங்கு' என்னும் சொல்லில் இந்தப் பொருளும் அடங்கியிருக்கிறது. பொறுப்பவன் தன் துன்பத்தைப் பொறுக்கிறான். தாங்குபவனோ பிறரையும் தாங்குகிறான். குடும்பத்தைத் தாங்குகிறவள் என்று ஒருத்தியைக் குறிப்பிடும்போது, அவள் துன்பப்படுகிறாள் என்பதைவிட, அவளால் மற்றவர்கள் நிற்கிறார்கள் என்பதே நம் கருத்து.

ஒரு சொல்லின் உள்ளியல்பை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதை எதிர்மறையாக்கிப் பார்க்கவேண்டும். பல்வலி வந்தவன் 'வலி தாங்கவில்லை' என்கிறான். உடலின் வலிமைக்கு ஓர் எல்லை வந்துவிட்டது என்பது பொருள். அதில் அவனுக்கு இழிவு ஒன்றும் இல்லை. அநியாயத்தைக் கண்டவன் 'பொறுக்கவில்லை' என்கிறான். அங்கே முடிந்தது வலிமை அன்று, இசைவு. அடுத்த வீட்டில் இரைந்து பாடுவதைக் கேட்டவன் 'சகிக்கவில்லை' என்கிறான். அங்கே துன்பத்தைவிட அருவருப்பே மிகுதி. தாயை இழந்த மகளைப் பார்த்து 'துயரம் தாளாமல் அழுகிறாள்' என்கிறோம். அங்கே உடைந்தது நெஞ்சம். நான்கு எதிர்மறைகளும் நான்கு வேறு எல்லைகளைச் சுட்டுகின்றன. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். தாயை இழந்தவளைப் பற்றி 'துயரம் சகிக்காமல் அழுகிறாள்' என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார்கள்.

'தாள்' என்னும் வினை தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் எதிர்மறையில்தான் பிழைத்திருக்கிறது. 'தாளாது', 'தாளவில்லை' என்போம்; 'தாளும்' என்று சொல்வார் மிகவும் அரியர். ஆனால் பெங்களூரில் வாழும் நேயர்கள் அதை உடன்பாட்டிலேயே நாள்தோறும் கேட்கிறார்கள். கன்னடத்தில் 'தாளு' என்றால் பொறு, காத்திரு; 'தாள்மெ' என்றால் பொறுமை. நம் மொழியில் முறிவைக் குறிக்க மட்டும் எஞ்சிய சொல், உடன்பிறந்த மொழியில் உறுதியைக் குறித்து வாழ்கிறது.

இனி 'ஆற்று'. இச்சொல் வியப்பூட்டுவது. ஒரு செயலைச் செய்வதும் ஆற்றுதல். துன்பத்தைப் பொறுப்பதும் ஆற்றுதல். சூடான பாலைத் தணிப்பதும் ஆற்றுதல். இதிலிருந்தே ஆற்றல் என்னும் வலிமைப் பெயர் பிறந்தது. துன்பத்தைப் பொறுப்பது ஒரு செயல், அதற்குத் திறன் வேண்டும் என்று கண்டவர்கள் ஆக்கிய சொல் இது. பிரிந்து வாழும் நமக்கு இச்சொல்லோடு தனி உறவு ஒன்று உண்டு. காமத்துப்பாலில் கற்பியலின் வாயிலில் நிற்கும் அதிகாரத்துக்குப் பிரிவாற்றாமை என்பதே பெயர். துணைவன் வெளியூர் செல்ல, பின்தங்கியவள் ஆற்றமாட்டாத நிலையை அது பேசுகிறது. பொருள்தேடிப் பிரிவது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. அப்பிரிவைத் தாங்கமாட்டாமையைக் குற்றமென்றும் நம் முன்னோர் கொள்ளவில்லை.

'சகி' வடசொல்வழி வந்தது. அதன் மூலமான 'ஸஹ்' என்னும் வினையடிக்கு வேதமொழியில் வெல்லுதல், மேற்படுதல் என்னும் பொருள்கள் உண்டு. 'ஸஹஸ்' என்றால் வலிமை. எதிர்த்துவருவதை வெல்வது, பின்னர் எதிர்த்துவருவதைத் தாங்கி நிற்பது ஆயிற்று. இந்தியில் 'ஸஹ்னா' என்பது இன்றும் மதிப்புக் குறையாத சொல். தமிழ்ப் பேச்சிலோ 'சகிக்கவில்லை' என்னும் வழக்கு அருவருப்போடு ஒட்டிக்கொண்டது. எனவே 'ஸஹ்னா' என்று கேட்டவுடன் 'சகித்தான்' என்று எழுதிவிடுவது எல்லா இடத்திலும் பொருந்தாது. நோயின் வலியைப் பற்றிய இடமாயின் 'பொறுத்தான்' என்பதே தமிழ்.

இதுகாறும் கூறியவை, வந்து சேர்ந்த துன்பத்தைப் பற்றியவை. தானே தேடி ஏற்கும் துன்பத்துக்குத் தமிழ் வேறொரு சொல்லை ஒதுக்கியது. அது 'நோற்றல்', அதிலிருந்து வந்தது நோன்பு. 'நோன்மை' என்பதற்குப் பொறுமை என்பதோடு வலிமை என்றும் பொருள் உண்டு. பசியால் வாடுபவன் நோன்பிருக்கிறான் என்று நாம் சொல்லமாட்டோம். உண்ண இருந்தும் உண்ணாதவனே நோன்பி.

இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதற்கு நம் நாட்டின் அண்மை வரலாற்றிலேயே சான்று உள்ளது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் 1906-ஆம் ஆண்டு தொடங்கிய போராட்டத்தை முதலில் சாத்துவிக எதிர்ப்பு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் அழைத்துவந்தார்கள். அத்தொடர் வலியற்றவர்களின் கருவி என்னும் எண்ணத்தைத் தருவதாகக் காந்தியடிகள் கண்டார். பொருத்தமான பெயர் தருமாறு தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் வழியே வாசகர்களைக் கேட்டார். மகன்லால் காந்தி 'ஸதாக்கிரகம்' என்னும் பெயரை அனுப்பினார். காந்தியடிகள் அதைச் சற்று மாற்றிச் 'சத்தியாக்கிரகம்' ஆக்கினார். போராடியவர்கள் பட்ட துன்பம் பெயர் மாறியதால் குறைந்துவிடவில்லை. ஆனால் அத்துன்பம் கையாலாகாமையால் வந்ததன்று, உறுதியால் ஏற்கப்பட்டது என்பதை உலகம் அறிந்தது. அப்போராட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் பலர் பங்குகொண்டனர். 1913-இல் சிறைசென்று, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்ரவரியில் பதினாறாம் வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்களுள் ஒருத்தி. அவளுடைய துன்பத்துக்கு ஏற்ற தமிழ்ச் சொல் 'சகித்தாள்' என்பதும் அன்று, 'அனுபவித்தாள்' என்பதும் அன்று, 'நோற்றாள்' என்பதே.

இனி, துன்பமும் உழைப்பும் கலந்து நிற்கும் சொற்களைப் பார்ப்போம். தமிழில் 'பாடு' என்றால் துன்பம். 'படாத பாடு பட்டான்' என்போம். 'பாடுபட்டான்' என்றாலோ உழைத்தான் என்பது பொருள். பாடுபடுகிறவன் பாட்டாளி. பட்டு அறிவது பட்டறிவு. மராத்தியிலும் இதே போக்கு உண்டு. அங்கே 'கஷ்ட்' என்பது துன்பத்தையும் கடும் உழைப்பையும் குறிக்கும். உழைக்கும் மக்களைக் 'கஷ்டகரீ' என்பார்கள். பம்பாயில் இச்சொல்லைக் கேட்கும் தமிழர், துன்பப்படுகிறவர்களைச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அது நம் பாட்டாளியே. இந்தியில் 'ச்ரம்' என்றால் உழைப்பு. தில்லி ரஃபி மார்க்கில் உள்ள 'ச்ரம் சக்தி பவன்' என்னும் கட்டடத்தின் பெயர் உழைப்பின் வலிமையைச் சொல்கிறது. தமிழுக்கு வந்த அதே சொல் 'சிரமம்' ஆகித் தொல்லை என்னும் பொருளோடு நின்றுவிட்டது.

இந்தி பேசும் மாநிலங்களில் வாழ்வோர் இன்னும் மூன்று சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. 'ஜேல்னா' என்பது வந்து மோதும் அடியை நேர்நின்று ஏற்பது. வறட்சியையும் வெள்ளத்தையும் ஏற்ற மக்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் இச்சொல்லாலேயே எழுதும். 'புகத்னா' என்பது பெரும்பாலும் ஒரு செயலின் விளைவை அனுபவிப்பது. இதே சொல்லின் வழிவந்த 'புக்தான்' என்பதை வங்கிகளில் காணலாம்; பணம் செலுத்துதல் என்று பொருள். கடனைத் தீர்ப்பதுபோல வினையைத் தீர்ப்பது என்னும் கருத்து அதில் இருக்கிறது. எனவே வெள்ளத்தில் வீடிழந்தவரைக் குறிக்க 'புகத்னா' என்று சொன்னால், அவர் செய்த பிழைக்கு அவர் பெற்ற கூலி என்னும் சாயல் விழக்கூடும். நம் 'அனுபவி' என்னும் சொல்லிலும் இந்த இரட்டைத் தன்மை இருப்பதை நேயர்கள் அறிவார்கள். செல்வத்தையும் அனுபவிக்கலாம், செய்ததற்கும் அனுபவிக்கலாம். மூன்றாவது, 'பர்தாஷ்த்'. பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் பொறுத்தல், தாங்குதல் ஆகிய இரண்டுக்கும் நெருங்கியது. மருத்துவரிடம் 'வலி தாங்கவில்லை' என்பதைச் சொல்ல 'தர்த் பர்தாஷ்த் நஹீன் ஹோதா' என்றால் போதும், பொருள் சிதையாது.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்துவிட முடியாது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துப் பார்ப்போம். வெளிமாநிலத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் தமிழர் சிலர், தங்கள் குடியிருப்பில் ஆறு மாதமாகக் குடிநீர் ஒழுங்காக வரவில்லை என்று விண்ணப்பம் எழுதுகிறார்கள். 'இதுவரை பொறுத்துப் பார்த்தோம்' என்பது அதில் ஒரு தொடர். இதைப் 'பொறுத்து வருகிறோம்' என்னும் பொருளில் மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி, ஆறு மாதம் பொறுத்தவர்கள் இன்னும் சில மாதம் பொறுப்பார்கள் என்று கோப்பை அடியில் வைத்துவிடக்கூடும். ஆனால் தமிழ்த் தொடரின் உயிர் 'பார்த்தோம்' என்பதில் இருக்கிறது. முயன்று பார்த்தோம், பயனில்லை, எங்கள் இசைவு முடிந்தது என்பதே அதன் பொருள். துணைவினை ஒன்று விடுபட்டதால், எச்சரிக்கை இணக்கமாக மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் 'இனிப் பொறுப்பதற்கில்லை' என்னும் கருத்தையும் சேர்த்து எழுதுவதே நேர்மையாகும்.

இதனோடு ஒட்டிய வேறொன்றையும் சொல்லவேண்டும். 'கஷ்டம்' என்னும் சொல்லில் செய்தவன் மறைந்துவிடுகிறான். மழையாலும் கஷ்டம், மனிதராலும் கஷ்டம். 'கொடுமை' என்று சொல்லும்போதோ, இழைத்தவன் யார் என்னும் கேள்வி உடனே எழுகிறது. புகுந்த வீட்டில் துன்புறும் பெண் தாய்வீட்டுக்கு எழுதும்போது 'கஷ்டமாக இருக்கிறது' என்றே எழுதுகிறாள். 'பொறுத்துக்கொள் அம்மா' என்று விடை போகிறது. பொறுமை என்னும் உயர்ந்த சொல் இங்கே ஒரு பூட்டாகப் பயன்படுகிறது. மராத்தியில் 'ஸோஷிக்' என்று பெண்ணைப் புகழும்போதும் இதே அபாயம் உண்டு. எல்லாவற்றையும் பொறுப்பவள் என்னும் பாராட்டே அவள் வாயை அடைத்துவிடலாம். சட்டம் இவ்வகையில் நமக்குச் சொல்லின் அருமையைக் கற்பிக்கிறது. கணவனோ அவன் உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமையை 1983-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிக்குற்றமாக்கியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. உடலுக்கு இழைக்கும் தீங்கை மட்டுமன்றி, சொல்லாலும் உள்ளத்துக்கும் பொருளியல் வகையிலும் இழைக்கும் தீங்கையும் அது குறிப்பிடுகிறது. கஷ்டம் என்று பேரிட்டால் ஆறுதல் கிடைக்கும். கொடுமை என்று பேரிட்டால் காப்பு கிடைக்கும். தொலைவில் உள்ள மகளின் கடிதத்தையோ தொலைபேசிக் குரலையோ கேட்கும் பெற்றோர், எது எதற்கு உரியது என்று உசாவி அறியவேண்டும்.

இறுதியாக, நம்முடைய வீட்டுச் சொல்லாகிவிட்ட 'சமாளி'க்கு வருவோம். இந்தியின் 'ஸம்பால்னா'வுக்கும் மராத்தியின் 'ஸாம்பாள்ணே'க்கும் இது ஒலியால் நெருங்கியது. அம்மொழிகளில் பேணுதல், கவனித்துக்கொள்ளுதல் என்னும் பொருள் முன்நிற்க, தமிழில் எப்படியோ நாளைக் கடத்துதல் என்னும் பொருள் முன்வந்து நிற்கிறது. 'எப்படி இருக்கிறாய்?' என்று ஊரிலிருந்து கேட்டால், 'சமாளித்துக்கொள்கிறோம்' என்கிறோம். வாடகை ஏறியதும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும், குளிருக்குப் போர்வை போதாததும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துகொள்ளும். அது பொய்யன்று, கேட்பவர் கலங்கக்கூடாது என்னும் அன்பு. ஆயினும் உதவி தேவைப்படும் வேளையிலும் அதையே சொன்னால், உதவ நினைப்பவர் வழியறியாமல் நின்றுவிடுவார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வேற்று மாநிலங்களில் நின்றுபோன தொழிலாளரைப் பற்றித் தமிழ்ச் செய்திகள் 'சிக்கித் தவிக்கிறார்கள்' என்று எழுதின. 'தவிப்பு' என்பது வேட்கை. நீரில்லாதவன் நாவறண்டு அலைவது. அந்தச் சொல்லைக் கேட்டவர்கள், சோறும் ஊர்திரும்பும் வழியும் உடனே வேண்டும் என்று விளங்கிக்கொண்டார்கள். 'சமாளிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தால் அவ்வளவு விளங்கியிராது.

ஆக, துன்பத்தைக் கூறும் ஒவ்வொரு சொல்லும் அதனோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்தே கூறுகிறது. தாங்குகிறோம் என்றால், வலிமை இருக்கிறது என்கிறோம். பொறுக்கிறோம் என்றால், இசைந்திருக்கிறோம் என்கிறோம். நோற்கிறோம் என்றால், நாமே தேர்ந்துகொண்டோம் என்கிறோம். தவிக்கிறோம் என்றால், கைகொடுங்கள் என்கிறோம். இவற்றுள் 'பொறுமை' என்னும் சொல்லை நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும்போது அது அணிகலன். பிறருக்குக் கட்டளையாகச் சொல்லும்போது அது சுமைமேல் வைக்கும் சுமை. பிறர்க்குச் சொல்லவேண்டிய சொல் 'பொறு' அன்று. 'இறக்கிவை, சற்று நேரம் நாங்கள் தாங்குகிறோம்' என்பதே. அடுத்த முறை ஊருக்குக் கடிதம் எழுதும்போதும், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கும்போதும், இச்சொற்களுள் எது அமைந்திருக்கிறது என்று நேயர்கள் ஒருகணம் நின்று பார்க்குமாறு வேண்டுகிறோம்.